வாலிபர் ஐக்கியத்தை ஒரு வார இறுதிக்கு மலாக்கா அழைத்துச் செல்வது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு

வாலிபர் கூட்டத்தில் "ஒரு வார இறுதி மலாக்கா போய், அங்குள்ள சபையாரோடு இருந்துவிட்டு வரலாமா?" என்று யாராவது கேட்டால் அத்தனை கைகளும் உயரும். கடிதம் எழுதுவது யார், கடப்பிதழ்களைச் சரிபார்ப்பது யார், பேருந்துக்கு முன்பணம் கட்டுவது யார் என்று கேட்டால் ஒரு கையையும் காணமுடியாது. கடைசியில் எல்லாம் ஒருவர் தலையில் விழும். இது அந்த ஒருவருக்காக எழுதுவது.

இங்கே சொல்வது வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும் பயணம். ஒரு பேருந்து நிறைய ஆட்கள். பாதிப் பேர் பள்ளி, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் சபையைப் போலவே உங்கள் சபையிலும் ஒரே வரிசையில் குடிமகன், நிரந்தரவாசி, மாணவர் அனுமதிக்காரர், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தமிழ்நாட்டு அண்ணன், மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் அக்கா எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பாடல் தெரிவு, விளையாட்டு, சட்டை நிறம் எல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆவணங்களை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

1. ஒரு சபையை மட்டும் பிடியுங்கள்

இரண்டு நாளில் ஐந்து ஆலயங்கள் என்று அட்டவணை போடாதீர்கள். ஐந்து இடத்திலும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்ட அம்மாவிடம் பெயர்கூடக் கேட்காமல் பேருந்தில் ஏறுவீர்கள். தமிழ் பேசும் சபை ஒன்று, வேறு மரபைச் சேர்ந்த சமூகம் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

மலாக்காவைச் சொல்வதற்குக் காரணம், சின்ன ஊருக்குள்ளேயே இரண்டும் கிடைக்கும் என்பதுதான். தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. உஜோங் பாசிரில் போர்ச்சுகீசிய வழித்தோன்றல்களின் குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் கத்தோலிக்கர்கள், கிறிஸ்தாங் என்ற தங்கள் சொந்த மொழியை இன்னும் விடாமல் பேசுகிற பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1710இல் கட்டப்பட்ட செயின்ட் பீட்டர் ஆலயத்தில் இன்றும் திருப்பலி நடக்கிறது. டச்சுச் சதுக்கத்துச் சிவப்பு நிறக் கிறைஸ்ட் சர்ச் ஆங்கிலிக்கன் சபையுடையது. ஜோகூர் பாரு பக்கம்தான், செலவும் குறைவு. ஆனால் அங்கே இரவு தங்கினால் பாதிப் பிள்ளைகளைக் கடைத்தொகுதியிலிருந்து தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும்.

யாரைத் தொடர்புகொள்வது? உங்கள் சபைப் பிரிவின் வழியாகவே போங்கள். மெதடிஸ்டுகளுக்கு மலேசியாவில் தமிழ் ஆண்டு மாநாடு இருக்கிறது. லுத்தரன் சபையார் மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபையைக் கேட்கலாம். அதன் வேரே தமிழர்களிடம் உள்ளது. கத்தோலிக்கருக்கு மலாக்கா-ஜோகூர் மறைமாவட்டம். போர்ச்சுகீசியக் குடியிருப்புக்கு ரெஜிடோர் என்று அழைக்கப்படும் தலைவர் ஒருவர் உண்டு. அவருக்குத் தெரியாமல் பேருந்தை உள்ளே விட்டு இறங்காதீர்கள். ஜூன் இறுதியில் அங்கே சான் பெட்ரோ திருவிழா நடக்கும். அந்த நேரத்தில் போனால் திருவிழாவைப் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது.

கடிதம் உங்கள் போதகரிடமிருந்து அவர்கள் போதகருக்கு, சபையின் கடிதத்தாளில் போகவேண்டும். வாலிபர் தலைவர் அங்குள்ள நண்பருக்கு வாட்ஸ்அப்பில் "வருகிறோம்" என்று சொல்வது அழைப்பு ஆகாது. கடிதத்தில் இவை இருக்கட்டும்: எத்தனை பேர், வயது, ஆண் பெண் எண்ணிக்கை, எப்போது வந்து எப்போது கிளம்புவீர்கள், எத்தனை வேளை உணவு அவர்களோடு, ஞாயிறு ஆராதனையில் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள், சைவம், ஒவ்வாமை விவரம், அங்கே பொறுப்பாக ஒருவரின் தொலைபேசி எண். சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படாமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் நாற்பது பேருக்குப் பிரியாணி ஆக்கி வைத்திருப்பார்கள், நீங்கள் வழியில் சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்பீர்கள். அந்த மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

2. தேதி

பள்ளி விடுமுறை (மார்ச், செப்டம்பரில் ஒரு வாரம், ஜூன், நவம்பர் டிசம்பர்), நீண்ட வார இறுதி, தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளை ஒட்டிய நாள்கள் எதுவும் வேண்டாம். "விடுமுறையில்தானே பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும்" என்பார்கள். சிங்கப்பூரில் இருக்கிற எல்லாருக்கும் அப்போதுதான் நேரம் இருக்கும். சோதனைச்சாவடியிலேயே மூன்று மணி நேரம் போய்விடலாம். பள்ளித் தவணையின் நடுவே, தேர்வு இல்லாத ஒரு சாதாரண வார இறுதியே நல்லது.

ஜோகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. அதற்கு முன் வெள்ளி, சனியாக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை ஜோகூரில் வேலைநாள், சாலை காலியாக இருக்கும்" என்று மூத்தவர் யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

3. பெயர்ப் பட்டியலும் கடப்பிதழ்களும்

இந்தப் படியில்தான் பயணம் நிற்கும் அல்லது விழும். ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொருவருக்கும் இவற்றை எழுதுங்கள்: கடப்பிதழில் உள்ளபடியே முழுப்பெயர், எந்த நாட்டுக் கடப்பிதழ், எண், காலாவதி தேதி, சிங்கப்பூரில் எந்த அனுமதி, அதன் காலாவதி தேதி. வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்களே பார்த்து எழுதுங்கள், பயணம் முடிந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு இரட்டைத் தொல்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழில் "சன் ஆஃப்", "டாட்டர் ஆஃப்" குறியோடு அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். இந்தியக் கடப்பிதழில் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். சபையில் "டேனியல்" என்று அழைக்கப்படும் தம்பியின் கடப்பிதழில் டேனியல் என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் வேறு. காப்புறுதி, விடுதி, வருகை அட்டை எல்லாவற்றிலும் கடப்பிதழின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

அடுத்து, ஒவ்வொரு வகையாரும் எதைப் பார்க்கவேண்டும் என்பது.

எல்லாருக்கும்: மலேசியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கடப்பிதழ்தான் அதிகம் ஏமாற்றும். 16 வயதுக்குக் கீழே எடுத்தால் 5 ஆண்டுதான். பெற்றோர் தங்களுடைய 10 ஆண்டுக் கணக்கிலேயே இருப்பார்கள். இணையம்வழிப் புதுப்பிக்க 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

நிரந்தரவாசிகள்: மறுநுழைவு அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது முடிந்த நிலையில் நாட்டைவிட்டு வெளியே போனால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. இதில் "ஒரு வார இறுதிதானே" என்ற சலுகை கிடையாது.

வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி: அனுமதி புதுப்பிக்கப்படும் நடுவில் இருந்தால், திரும்பி வரும் நாள்வரை பழையது செல்லுமா என்று முதலாளியிடமோ பள்ளியிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொரு பொறி: இந்தியக் கடப்பிதழைப் புதிதாக எடுத்திருப்பார், அனுமதியின் பதிவில் பழைய எண்ணே இருக்கும். புது எண்ணை மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடமோ பதிந்த பிறகே பெயரைப் பட்டியலில் சேருங்கள்.

இந்தியக் குடிமக்கள்: மலேசியாவுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை, இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பிந்தைய தேதியில் போவதாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்போர் முன்கூட்டியே இ-விசா எடுக்கவேண்டும். அவர்களுக்குத்தான் கூடுதல் கால அவகாசம் தேவை, ஆகவே அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

தேசிய சேவை (சிங்கப்பூர் ஆண்களின் கட்டாயச் சேவை): பையன்களின் அம்மாக்கள் வெளியேறும் அனுமதி வேண்டுமா என்று பதறுவார்கள். சேவைக்கு முந்தைய பையன்களுக்கு அது மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால்தான். ஏற்கெனவே முழுநேர சேவையில் இருக்கும் தம்பிகள் தங்கள் பிரிவில் வெளிநாட்டு விடுப்புக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். சனிக்கிழமை காவல் பணி இருக்கிறதா என்பதையும் அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

பட்டியலில் ஒரு கடைசித் தேதி வையுங்கள். அந்தத் தேதிக்குள் ஆவணம் தராதவர் பெயரை எடுத்துவிடுங்கள். போதகரின் மகனாக இருந்தாலும்.

4. வருகை அட்டை

மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிமக்கள் நிரப்பத் தேவையில்லை. மலேசியருக்கும் தேவையில்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்குத் தேவை. வேலை அனுமதி, மாணவர் அனுமதிக்காரர்களுக்கும் தேவை. "நான் பிஆர், எனக்கு வேண்டாம்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

வருகைக்கு முந்தைய 3 நாள்களுக்குள்தான் நிரப்பமுடியும். வெள்ளி இரவு கிளம்புகிறவர்களுக்கு இதில் ஒரு குழி இருக்கிறது: சாவடியில் நெரிசல் இருந்தால் மலேசியாவுக்குள் நுழையும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், தேதி சனிக்கிழமை ஆகியிருக்கும். எந்தத் தேதியில் நுழைவீர்கள் என்று நேரக்கணக்கைப் போட்டுப் பார்த்து எல்லாரும் ஒரே தேதியை எழுதுங்கள். நான் விரும்புவது, நள்ளிரவுக்கு நன்றாக முன்போ நன்றாகப் பின்போ நுழையுமாறு கிளம்பும் நேரத்தையே மாற்றிக்கொள்வது.

அட்டைக்குக் கட்டணம் இல்லை. தேடினால் முதலில் வரும் சில தளங்கள் கடன் அட்டை எண் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கு நீங்களே இணைப்பைக் குழுவில் அனுப்பி, புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பின் எல்லாரையும் உட்காரவைத்து ஒன்றாக நிரப்பச் செய்யுங்கள். தங்கும் முகவரி என்ற கட்டத்துக்கு விடுதியின் பெயர், முகவரி, அஞ்சல் குறியீட்டை வெள்ளைப்பலகையில் எழுதி வைத்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதிக்காரர்கள் ஆகியோருக்கு நிலவழிச் சாவடிகளில் தேவையில்லை. ஊரிலிருந்து வருகையாளராக வந்திருக்கும் அண்ணன் தம்பியைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு அது வேண்டும். மீண்டும் நுழைய விசாவும் வேண்டியிருக்கலாம். ஒருமுறை நுழையும் விசாவில் வந்தவரை இந்தப் பயணத்துக்கு அழைக்காதீர்கள்.

5. பெற்றோர் கடிதமும் காப்புறுதியும்

18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம், ஆங்கிலத்தில், பயணத் தேதி, விடுதி, பொறுப்பான பெரியவரின் பெயர், கடப்பிதழ் எண் ஆகியவற்றோடு. பிறப்புச் சான்றிதழின் நகலை அதோடு பிணைத்துவிடுங்கள். அந்தப் பெரியவரே கோப்பைக் கையில் வைத்திருக்கட்டும். பேருந்தின் வயிற்றில் உள்ள பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தால் பயன் இல்லை.

கூடவே ஒரு மருத்துவத் தாள்: ஒவ்வாமை, ஆஸ்துமா, தினசரி மருந்து, அவசரத்துக்கு யாரை அழைப்பது. பெண்பிள்ளைகள் இருந்தால் பெரிய அக்காக்கள் இருவராவது வரவேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று நீங்கள் தவிப்பீர்கள். அறைப் பங்கீட்டை நீங்களே செய்து, பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுங்கள்.

பயணக் காப்புறுதியைக் குழுவாக எடுங்கள். மருத்துவச் செலவோடு அவசரமாகத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் அவசர எண் 999. சிங்கப்பூரின் துணைத் தூதரகம் ஜோகூர் பாருவிலும், தூதரகம் கோலாலம்பூரிலும் உள்ளன. இந்தியத் தூதரகமும் கோலாலம்பூரில் இருக்கிறது. இந்த எண்களை ஒரு தாளில் அடித்து, கடப்பிதழ் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசி செத்துப்போகும் நேரத்தில்தான் எண் தேவைப்படும்.

6. பேருந்து

மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். கேட்கும்போது ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேளுங்கள், இல்லையென்றால் விலைகளை ஒப்பிடமுடியாது: இரு நாட்டிலும் சுற்றுப்பயணிகளை ஏற்ற உரிமம் உண்டா, சாலைக்கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், ஓட்டுநரின் தங்குமிடம், சாப்பாடு விலைக்குள் அடங்குமா, மலாக்காவுக்குள் சனிக்கிழமை முழுவதும் பேருந்து நம்மோடு இருக்குமா, இரவில் ஓட்ட ஓட்டுநர் அன்று பகலில் ஓய்வெடுத்திருப்பாரா. மிக மலிவாகச் சொல்பவரிடம் கடைசிக் கேள்வியை இரண்டுமுறை கேளுங்கள். எங்களுக்கு முதலில் விலை சொன்ன ஒரு நிறுவனம் உரிமத்தைப் பற்றிக் கேட்டதும் பதில் போடுவதையே நிறுத்திவிட்டது. அதுவும் ஒரு பதில்தான்.

வழி: துவாஸ் இரண்டாவது இணைப்பு, பிறகு வடக்கு-தெற்கு விரைவுச்சாலை, ஆயர் குரோவில் இறக்கம். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணி நேரம். அப்படி ஒரு நாளை எதிர்பார்த்து அட்டவணை போடாதீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழி வேண்டாம் என்பது என் முடிவான கருத்து, உங்கள் ஆலயம் உட்லண்ட்ஸிலேயே இருந்தாலும்.

மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் இருக்கைவார் அணியவேண்டும். பின்வரிசையில் கிதாரோடு நிற்பவரை உட்காரவையுங்கள்.

"நாங்கள் காரில் பின்னால் வருகிறோம்" என்று ஒரு குடும்பம் சொல்லும். சிங்கப்பூர்ப் பதிவு கார் என்றால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது எரிபொருள் கலன் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும், அங்கே மானிய விலை ரான் 95 பெட்ரோல் போடக்கூடாது. பேருந்திலேயே வரச் சொல்லுங்கள், தலைவலி மிச்சம்.

7. பணம்

எங்கள் குழுவில் ஆளுக்கு 200 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினோம். அதில் பாதிக்கு மேல் பேருந்தும் விடுதியும் விழுங்கிவிட்டன. உங்கள் கணக்கு வேறாக வரலாம். பேருந்தில் எத்தனை இருக்கை காலியாகப் போகிறது என்பதே ஆளுக்கான தொகையைத் தீர்மானிக்கும். முப்பது பேருக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் இருபத்திரண்டு பேர் வந்தால் துண்டு விழும். ஆகவே முன்பணம் திருப்பித் தரப்படாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் பலர் மறக்கும் செலவுகள்: சுற்றுலா வரி, வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். பத்து அறை, இரண்டு இரவு என்றால் 200 ரிங்கிட். இணையத்தில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேராது, விடுதி முகப்பில் தனியாகக் கேட்பார்கள். உபசரிக்கும் சபைக்குக் காணிக்கை, ரிங்கிட்டில், உறையில், போதகர் கையிலோ பொருளாளர் கையிலோ. தனிநபர் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். கொடுக்கிறவருக்கு நல்ல மனம்தான், வாங்குகிறவருக்கு அந்தச் சபையில் நாளைக்கு இருக்கவேண்டியிருக்கிறது. பிறகு, பத்தில் ஒரு பங்கு அவசரக் கையிருப்பு.

பணம் சபையின் கணக்குக்கு வரட்டும், வாலிபர் தலைவரின் சொந்த பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) எண்ணுக்கு வேண்டாம். வசதியில்லாத பிள்ளைக்கு உதவி தேவையென்றால் போதகரும் பொருளாளரும் மட்டும் அறிந்து செய்யட்டும்.

அங்குள்ள ஆலயத்தின் கூரைக்கு நன்கொடை திரட்டலாம் என்று உற்சாகமாக யாராவது சமூக ஊடகத்தில் வேண்டுகோள் போடக் கிளம்புவார்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. தடுத்து நிறுத்துங்கள்.

8. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியவை

இதற்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தியாக அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

முதலாவது, மலேசியாவில் முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 11(4) பிரிவு சொல்கிறது. மலாக்கா, ஜோகூர் இரண்டிலும் அத்தகைய சட்டங்கள் உள்ளன. சொந்த வேதாகமத்தைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம். துண்டுப் பிரசுரம், மலாய்மொழி வெளியீடுகள், பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வேண்டாம். டச்சுச் சதுக்கத்தில் கிதார் வாசித்துப் பாட்டுக் கூட்டம் நடத்தும் யோசனையும் வேண்டாம். நீங்கள் ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். விளைவை அனுபவிப்பது அழைத்த சபை.

இரண்டாவது, உங்கள் போதகர் அங்கே பிரசங்கிப்பதாக இருந்தால், சாதாரண வருகையாளருக்கு எல்லையில் கிடைக்கும் சமூக வருகை அனுமதி அதற்கு உரியதன்று. அழைக்கும் சபைதான் முறைப்படி அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதற்கும் நாளாகும். அவர்கள் போதகரின் செய்தியைக் கேட்டுவிட்டு வருவதே எளிது, அதற்காகத்தானே போகிறோம்.

மூன்றாவது, பந்தி. மெதடிஸ்டு ஆலயத்தில் திருவிருந்துக்கு எல்லாரையும் அழைத்துப் பழகிய பிள்ளைகள், கத்தோலிக்கத் திருப்பலியில் வரிசை நகர்ந்ததும் தாங்களும் எழுந்து போவார்கள். கத்தோலிக்கரல்லாதவர் அங்கே நற்கருணை வாங்குவதில்லை. இருக்கையிலேயே இருக்கலாம், பல ஆலயங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் குருவானவர் ஆசி மட்டும் தருவார். அந்த ஆலயத்தின் வழக்கத்தைக் கேட்டுவைத்து, காரணத்தையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். காரணம் சொல்லாவிட்டால் "நம்மைச் சேர்க்கவில்லை" என்ற கசப்போடு திரும்புவார்கள்; சொன்னால், வீடு திரும்பும் வழியெல்லாம் கேள்வி கேட்பார்கள். எங்கள் பயணத்தில் இதைப்போல வேறெதுவும் அவர்களை யோசிக்கவைக்கவில்லை.

செருப்பைக் கழற்றுவதா, பெண்கள் தலையை மூடுவதா, தனித்தனியாக உட்காருவதா என்பதெல்லாம் சபைக்குச் சபை மாறும். கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தோள் தெரியும் சட்டை, அரைக்கால்சட்டை ஞாயிறன்று எங்குமே வேண்டாம்.

சுற்றிப் பார்க்க நேரம் கேட்பார்கள். செயின்ட் பால் குன்றுக்கு அழைத்துப்போங்கள். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் குடும்பப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன்னால் விடுங்கள்: அவர்கள் முன்னோர் அறிந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகுமுன் 1553இல் அந்தக் குன்றின் மேலுள்ள ஆலயத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. காலை பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், வெயில் பொறுக்காது.

9. சாவடியில்

பேருந்தில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலையெண்ணும் ஒருவரை வையுங்கள். மலேசியப் பக்கம் எல்லாப் பைகளோடும் இறங்கி ஊடுகதிர்ச் சோதனைக்குப் போகவேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர்ப் பக்கமும் அப்படியே. ஆகவே ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். விசைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் அங்கேயே இரவல் கேளுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ்க்காரர்கள் தானியங்கி வாயிலில் சட்டென்று போய்விடுவார்கள். முகப்பில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்களும், முதல்முறை மலேசியா போகும் ஊழியர் அண்ணன்மாரும்தான். விரல்ரேகை, கேள்வி, காத்திருப்பு. முன்னால் போனவர்கள் பேருந்தில் ஏறிக் கதை பேசிக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே தனியாக நிற்கக்கூடாது. பொறுப்பாளர் ஒருவர் கடைசி ஆள் வரும்வரை அந்தப் பக்கமே நிற்கவேண்டும், விடுதிப் பதிவுச் சீட்டும் அழைப்புக் கடிதமும் கையில் இருக்கட்டும். "யார் வீட்டுக்குப் போகிறாய்?" என்று அதிகாரி கேட்டால் "மலாக்காவில் உள்ள சபைக்கு, ஞாயிறு திரும்புகிறேன்" என்று நேராகச் சொல்லச் சொல்லுங்கள். முகப்பில் முத்திரை குத்தினால், அங்கிருந்து நகருமுன் தேதியைப் பார்க்கவேண்டும்.

ஞாயிறு மாலை சிங்கப்பூருக்குள் வரும் வரிசை நீளம். ஆராதனை, மதிய உணவு முடித்து ஒன்றரை மணிக்குள் மலாக்காவை விட்டால் இருட்டுமுன் சாவடியை எட்டலாம். மூன்றரைக்கு "கடைசியாக ஒரு செண்டோல்" என்று ஆரம்பித்தால் மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கேமராப் படங்களைக் கிளம்புமுன் பாருங்கள்.

திரும்பும் பையில் எது இருக்கக்கூடாது என்பதைச் சனிக்கிழமை இரவே சொல்லுங்கள். மின்சிகரெட் எந்த வடிவிலும் கூடாது. சட்டம் இப்போது முன்பைவிடக் கடுமை. சூயிங்கம் கூடாது. சிகரெட்டுக்கும், மலேசியாவிலிருந்து வருகையில் மதுவுக்கும் வரிவிலக்கு இல்லை. வாங்கிய பொருள்களுக்குப் பொருள் சேவை வரி விலக்கு 48 மணி நேரத்துக்குக் குறைவான பயணத்தில் 100 வெள்ளி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளி. வெள்ளி இரவு பத்து மணிக்குக் கிளம்பி ஞாயிறு மாலை வருகிறவர்கள் 100 வெள்ளிக்காரர்கள். வேலை அனுமதி, மாணவர் அனுமதிக்காரர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. அண்ணன்மார் ஊருக்கு அனுப்ப வாங்கும் பொருள்களை முன்பே கவனியுங்கள்.

10. திரும்பிய வாரம்

கணக்கை ரசீதுகளோடு பொருளாளரிடம் ஒப்படையுங்கள். கடப்பிதழ்ப் படங்களை அழியுங்கள். உபசரித்த சபைக்கு நன்றிக் கடிதம் போதகர் பெயரிலும் போகட்டும், சமைத்த பெண்கள் ஐக்கியத்துக்குத் தனியாகவும் போகட்டும்.

அவர்களைத் திருப்பி அழைக்கத் தோன்றும், அழைக்கவும் வேண்டும். வாலிபர்கள் வெறுமனே வந்து ஆராதனையில் கலந்துகொண்டு போவதற்குச் சிக்கல் இல்லை. அவர்கள் போதகர் உங்கள் மேடையில் பேசுவதாக இருந்தால், வெளிநாட்டுச் சமயப் பேச்சாளருக்கு மனிதவள அமைச்சின் பல்வகை வேலை அனுமதியை உங்கள் சபை எடுக்கவேண்டும். விண்ணப்பக் கட்டணம் 175 வெள்ளி. தேதியை அறிவிக்குமுன் விண்ணப்பத்தைப் போடுங்கள்.